பேர் மூடின வருஷம்

சர்க்கார் உத்தரவுகளை அழகான கையெழுத்தில் நகல் எடுத்தே என் ஆயுசில் பாதி போயிற்று. என் பேர் ராசப்பன். சேந்தமங்கலத்துக்காரன். போர்டு ஆபீஸில் பள்ளிக்கூடங்களைப் பார்க்கும் குமாஸ்தாவாக இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். நான் எழுதியதில் முக்கால்வாசி யாருக்கும் உபயோகப்படவில்லை. உபயோகப்படக்கூடிய ஒன்றை எழுதிவிட்டு நானே மறந்துபோனேன். அதைத் தேடி எடுக்க வைத்தவள் ஓர் எழுத்துகூடத் தெரியாத மலைக்காரி. இருசாயி என்று பேர். கொல்லிமலையில் ஊத்துப்பட்டி. போன மாசம் தவறிவிட்டாள் என்று சந்தைக்கு மிளகு கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். எந்தப் பத்திரிகையும் அதை அச்சடிக்கப்போவதில்லை. பெரிய மனுஷன் எவனாவது தும்மினால் கால் பத்தி எழுதுவார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இது 1946ஆம் வருஷம். பென்ஷன் வாங்கும் எனக்கு இனி மேலதிகாரி என்று யாரும் கிடையாது.

இருசாயிக்குப் படிப்பின்மேல் பக்தி ஒன்றும் இல்லை. ஆத்திரம் இருந்தது. அவள் புருஷன் காத்தான் ஒருநாள் காட்டில் விறகு வெட்டினான். ரிசர்வ் காடு, வெட்டக்கூடாது என்று எழுதின தகரப் பலகையை ஆணியடித்திருந்த மரத்துக்கு நேர் அடியிலேயே நின்று வெட்டினான். பலகை சாமி சமாச்சாரம் என்று நினைத்து, அதில் கோடாலி படாமல் பயபக்தியோடு வெட்டியிருக்கிறான். ஆறு மாசம் ஜெயில். இருமலோடு திரும்பி வந்தவன் ஒரு வருஷம் தாங்கவில்லை.

அதற்கப்புறம் அவள் சந்தை நாள் தவறாமல் எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வர ஆரம்பித்தாள். மிளகு மூட்டையைக் கீழே வைப்பாள். "ஏனுங்க ரைட்டருங்க, எங்கூருக்கு ஒரு பள்ளிக்கூடம் வேணுங்க" என்பாள். முதல் தடவை சிரித்துக்கொண்டே எதற்கு என்று கேட்டேன்.

"மரத்துல என்ன எழுதி அடிச்சிருக்கறாங்கன்னு படிக்கத்தானுங்க. வேற எதுக்கு?"

இரண்டு வருஷம் இதே பேச்சு. கடைசியில் போர்டு பிரசிடெண்டுக்கே அலுத்துப்போய் 1915இல் உத்தரவு போட்டார். ஒரு கூரைக் கொட்டகை, ஒரு வாத்தியார். இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளி ரத்து என்று ஒரு நிபந்தனை. முள்ளுக்குறிச்சியிலிருந்து அர்த்தனாரி என்ற இளவயசு வாத்தியார் மலையேறிப் போனார். சேர்ந்தது இருபத்து மூன்று பிள்ளைகள். அதில் இருசாயியின் மகன் பொன்னனும் மகள் மயிலம்மாளும் உண்டு. பெண்பிள்ளையை எதற்கு அனுப்புகிறாய் என்று ஊர்க்கவுண்டர் சின்னுசாமி கேட்டாராம். "பொம்பளையும் விறகு வெட்டறாளில்லீங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மூன்று வருஷம் நன்றாகத்தான் ஓடியது. 1918 ஐப்பசியில் விஷஜுரம் வந்தது.

அப்போது நாங்கள் கீழே என்ன செய்தோம் என்று சொல்லத்தான் வேண்டும், வெட்கமாக இருந்தாலும். உத்தரவு எழுதினோம். முதல் உத்தரவு: எல்லாப் பள்ளிகளையும் உடனே மூடுக. ஒன்பது நாள் கழித்து இரண்டாவது: கல்வி தடைப்படலாகாது, திறந்த வெளியில் நடத்துக. மூன்றாவது: மூடிய பள்ளிகளுக்கு வெள்ளையடித்து ரிப்போர்ட் அனுப்புக. நாலாவது: ஜன்னல்களை எப்போதும் திறந்து வைக்கவும். ஊத்துப்பட்டிக் கொட்டகைக்கு மூன்று பக்கந்தான் சுவர். அவர்கள் ஜன்னலுக்கு எங்கே போவார்கள்? இதோடு ஓர் அச்சு நோட்டீஸ், பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் தரச் சொல்லி. உதவி என்று பார்த்தால் ஒரு மூட்டை சுண்ணாம்பும் இரண்டு பாட்டில் காய்ச்சல் மருந்தும் போயின. அதில் ஒரு பாட்டில் ஏற்றத்திலேயே உடைந்துவிட்டது.

அந்தக் காலத்தில் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போக ரோடு கிடையாது. ஒற்றையடித் தடந்தான், அரை நாள் ஏற்றம். கீழே நோய் என்று கேள்விப்பட்டதும் மலைக்காரர்கள் அந்தத் தடத்தைக் குறுக்கே முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். பெருநோய் வந்தால் அவர்கள் வழக்கம் அது. கீழே இருந்து வருவதை முள்ளுக்கு இந்தப் பக்கம் ஒரு பாறைமேல் வைத்துக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். எங்கள் உத்தரவுகள் நாலும் காரவள்ளியில் சேர்ந்து கிடந்து, ஒரே கட்டாகப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தன. இருசாயிதான் எடுத்துக்கொண்டுபோய் வாத்தியாரிடம் கொடுத்தாள்.

"என்னங்க செய்யச் சொல்லுது?"

"மூடச் சொல்லுது. திறக்கவும் சொல்லுது" என்றார் அர்த்தனாரி.

"அப்ப நம்ம இஷ்டந்தானுங்க" என்றாள்.

இதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தை வேறு பார்த்தாள்.

முள் போடுவதற்குள் காய்ச்சல் உள்ளே வந்துவிட்டிருந்தது. ஊர் வழக்கப்படி சனங்கள் வீடுகளைப் பூட்டிவிட்டுக் காட்டுக் குடிசைகளுக்குப் பிரிந்து போனார்கள். சாமைக்காடு ஒன்றில் ஒரு குடும்பம், அடுத்த மேட்டில் ஒரு குடும்பம். நடுவில் ஓர் அகலப் பாறை. இருசாயி காலையில் குடிசை குடிசையாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவந்து அந்தப் பாறையில் ஒரு மூங்கில் கழி தூரத்துக்கு ஒருவராக உட்கார வைத்தாள். மிளகுக் கசாயம் காய்ச்சி ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றினாள். துப்பினவன் முதுகில் ஒன்று வைத்தாள். வாத்தியார் பாடம் நடத்தினார்.

அங்கேதான் ஆஜர் பட்டியலில் வில்லங்கம் வந்தது. பெருநோய்க் காலத்தில் அவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. பேர் மூடுவது என்பார்கள். நோய் பிள்ளையின் பேரைக் கேட்டுக்கொண்டு தேடி வருமாம். அதனால் ஊர்க்கவுண்டர் பிள்ளைகளைக் கோயிலுக்குமுன் நிறுத்தி, ஆளுக்கொரு கழிசல் பேர் வைப்பார். தவிடு, கரிக்கட்டை, குப்பை, சாணி. ஊர் கூடித் தடத்து முள்ளை எடுக்கிற நாள்வரைக்கும் பெற்ற தாய்கூட நிஜப் பேரைச் சொல்லக்கூடாது. மூடின பேரோடு ஒரு பிள்ளை செத்துப்போனால் அதன் நிஜப் பேரை அப்புறம் யாரும் எடுக்கவே கூடாது; எடுத்தால் கூடப்பிறந்ததைத் தேடிக்கொண்டு நோய் திரும்பும்.

அர்த்தனாரி பாறையில் நின்று "பொன்னன்" என்று கூப்பிட்டார். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. "குழந்தைசாமி" என்றார். ஒரு தாய் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. கீழ்நாட்டு மனுஷன், முதலில் கோபப்பட்டார். அப்புறம் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். புதுப் பக்கம் திருப்பி, பிள்ளைகள் எந்தப் பேருக்கு "உள்ளேன் ஐயா" சொன்னார்களோ அந்தப் பேரையே எழுதி ஆஜர் போட்டார். பொன்னன் ஓட்டாஞ்சல்லி ஆனான். மயிலம்மாள் தவிடு ஆனாள். நோய் தணிந்ததும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதிச் சேர்த்துவிடுகிறேன் என்று இருசாயியிடம் சொல்லியிருக்கிறார்.

எழுத அவர் இல்லை. பிள்ளைகளில் ஆறு பேர் போனார்கள். பொன்னனும் போனான். டிசம்பர் மூன்றாம் தேதி வாத்தியாரும் போனார். இருசாயிதான் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். மலைச்சனங்களே அவரை மலையில் அடக்கம் செய்தார்கள். மகனைப் புதைத்து ஒரு மாசம் ஆகாத பொம்பளை, மறுநாள் காலை என்ன செய்தாள் தெரியுமா? மீதிப் பிள்ளைகளைப் பாறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பெரிய பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல, சின்னவை திருப்பிச் சொல்லின. எந்த வரி எந்தப் பிள்ளை என்று வாத்தியார் கூப்பிட்ட வரிசையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். அடுப்புக் கரியால் அந்தந்த வரியில் ஒரு கோடு இழுத்தாள். சர்க்கார் பட்டியலில் கரிக்கோடு! இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

எங்கள் உத்தரவுகள் மட்டும் நிற்கவில்லை. அஞ்சு, ஆறு, ஏழு என்று முள்ளடிப் பாறைக்கு வந்துகொண்டே இருந்தன. வாத்தியார் இல்லாமல் அந்த ஆபீஸ் பாஷையைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. அவள் எல்லாவற்றையும் துணியில் சுற்றி வைத்தாள்.

1919 மாசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் காரவள்ளியில் கேம்ப் போட்டார். கூட நான். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து அவர் மேலே ஏறுகிற பழக்கம் இல்லை; மேலே உள்ள பள்ளிகளின் பட்டியல்கள் கீழே இறங்கிவரும். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். ராகுகாலம் பார்க்காமல் பல் விளக்கமாட்டார், அவ்வளவுதான். பெட்டியில் எப்போதும் பஞ்சாங்கம் இருக்கும்.

இருசாயி கூடையில் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் புரட்டினார். செப்டம்பரில் இருபத்து மூன்று பேர்கள். அக்டோபரில் வேறு இருபத்து மூன்று பேர்கள். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. அதுவும் என்ன பேர்கள், குப்பையும் சாணியும்! டிசம்பரிலிருந்து கரிக்கோடு. என்னைக் கூப்பிட்டு ரிப்போர்ட் சொன்னார்: "ஆஜர் முழுக்கப் பொய். பள்ளியை ரத்து செய்யச் சிபாரிசு." நான் அழகாக எழுதினேன்.

வெளியே வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "என்னங்க எழுதினீங்க?"

சொன்னேன். அவள் அழவில்லை. மூக்கு மட்டும் விடைத்தது.

"தொரை எப்பங்க கெளம்பறாரு?"

"நாளன்னிக்கு காலையில."

"நாளைக்கு மத்தியானம் புள்ளைங்களோட வாரேன். அதுவரைக்கும் அந்தக் காயிதம் எங்கியும் போகக்கூடாதுங்க. போச்சுன்னா உங்க ஊட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன்."

செய்யக்கூடியவள்தான். ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மேலே நடந்தது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. தடத்து முள்ளை அதுவரை எடுக்கவில்லை. அரசாங்கம் கூப்பிட்டால் பெரியவர்கள் ஒருவர் இருவர் இறங்கலாம், பிள்ளைகள் தாண்டக்கூடாது. ஊர்க்கவுண்டர் முள்ளுக்கு முன்னால் வந்து நின்றாராம்.

"பள்ளிக்கூடம் போனாப் போவுது. மிச்சம் இருக்கறதயும் வாரிக் குடுக்கணுமா உனக்கு?"

"முள்ளு போட்டும் எம்பையன் போனானுங்களே மாமா. பேரை மூடியும் போனானுங்களே. மூடாத ஒண்ணு இந்தப் பள்ளிக்கூடந்தான். அதையும் மூட உடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையால் முள்ளை இழுத்துப் போட்டாள். கை முழுக்க ரத்தம். மற்றத் தாய்மார்களும் பிள்ளைகளோடு பின்னால் வந்தார்கள், திட்டிக்கொண்டே.

மறுநாள் மத்தியானம் கூடாரத்துக்கு முன்னால் புளியமரத்தடியில் பதினேழு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பழக்கத்தில் ஒரு கழி தூரம் விட்டு.

இன்ஸ்பெக்டர் செப்டம்பர் பக்கத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அக்டோபர் பக்கத்தைப் பார்த்து "தவிடு" என்றார். "உள்ளேன் ஐயா!" "கரிக்கட்டை." "உள்ளேன் ஐயா!" இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தீரா? பழைய பேருக்கு ஆளே இல்லை."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க சாமி" என்றாள் இருசாயி.

"எது எது ஒண்ணு? சொல்லு பார்ப்போம்."

தாய்மார்கள் தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார்கள். இருசாயி மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பயம் இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு மிச்சம் அந்த ஒரு பிள்ளைதான்.

"இந்தத் தவிடுதானுங்க மயிலம்மாள்" என்றாள், சத்தமாக.

எல்லாரும் மயிலம்மாளைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மூக்கைச் சொறிந்துகொண்டாள். வேறொன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெருமாயி என்ற தாய் முன்னால் வந்து, "கரிக்கட்டை எம்பட பையன். குழந்தைசாமி" என்று முணுமுணுத்தாள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பதினேழு ஜோடி சேர்ந்தது.

"இருபத்து மூணு எழுதியிருக்கு. மீதி ஆறு?"

"செத்துப்போச்சுங்க."

"செத்தவங்களுக்கும் பேர் இருக்குமே. அது யாரு, இது யாரு? ஆறும் கள்ள ஆஜர்னு ஏன் எழுதக்கூடாது?"

செத்த பிள்ளைகளின் தாய்மார்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். எனக்கு அந்த நிமிஷம் இன்ஸ்பெக்டரை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. பேனாவைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பதிமூணாவது வரி, ஓட்டாஞ்சல்லி" என்றாள் இருசாயி. "அது பொன்னன். எம்பட மகன் பொன்னன். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாளு பாறைக்கு வந்தான். கசாயத்தக் குடிக்கமாட்டேன்னான், ரெண்டு வெச்சேன். அடுத்த நாளு எந்திரிக்கல. வெள்ளிக்கிழமை போயிட்டான். ரைட்டருங்க, பதிமூணாவது வரியில கோடு எங்க நிக்குதுன்னு பாருங்க."

விரலை வைத்துப் பார்த்தேன். நவம்பர் நாலாம் தேதி ஆஜர். அஞ்சாம் தேதியிலிருந்து வெறுமை. இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்தார். அமாவாசை மூன்றாம் தேதி, ஞாயிறு.

"ரெண்டாவது வரி, குப்பை. அது ராசு. அவன் பௌர்ணமியன்னிக்குப் பாடத்துல உக்காந்திருக்கறப்பவே சாஞ்சான்" என்றாள். பௌர்ணமி பதினெட்டு. இரண்டாவது வரி பதினெட்டோடு நின்றிருந்தது. இப்படியே ஆறு பேருக்கும் சொன்னாள். மற்றத் தாய்கள் சொல்ல முடியாத பேர்களையும் அவளே சொன்னாள், பாவம் வந்தால் என் தலையில் வரட்டும் என்று. ஆறு வரியும் அவள் சொன்ன நாளிலேயே நின்றன. பொய் ஆஜர் போடுகிறவன் பிள்ளைகளைச் சரியான தேதியில் சாகவிடமாட்டான். இன்ஸ்பெக்டருக்கும் அது விளங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆஜர் நிஜந்தான்" என்றார். "ஆனால் இப்போ இருக்கிறது பதினேழு. இருபது இல்லாவிட்டால் விதிப்படி..."

இருசாயி கூடையிலிருந்து துணி மூட்டையை எடுத்து அவர் மேஜைமேல் தொப்பென்று போட்டாள். நாங்கள் அனுப்பிய உத்தரவுகள், பதினொன்று.

"நாலு மாசமா இதச் செய், அதச் செய்யின்னு எழுதி அனுப்பினீங்களே. மருந்து ஒரு பாட்டிலுக்கு மேல வரல, வாத்தியார் செத்ததுக்கு மாத்தாள் வரல, இதுதான் வந்துது. இதுல ஒண்ணுகூடவா எங்களுக்கு ஆகாது? படிங்க!"

படித்தேன். ஒவ்வொன்றாக, என் கையெழுத்தையே. ஒன்பதாவதில் என் வாய் நின்றுபோயிற்று. டிசம்பர் கடைசியில் மேலிடத்திலிருந்து வந்ததை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன்: "விஷஜுரத்தால் இறந்த மாணவர் பெயர்களை மார்ச் 31 வரை பட்டியலிலிருந்து அடிக்கலாகாது, குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு அவர்களையும் சேர்த்துக்கொள்க." நானே எழுதினது. எழுதி, மை காயுமுன் மறந்தது. முந்தின நாள் ரத்து ரிப்போர்ட்டை எழுதும்போதுகூட ஞாபகம் வரவில்லை.

பதினேழும் ஆறும் இருபத்து மூன்று. பள்ளி நின்றது. பையிலிருந்த ரிப்போர்ட்டை இன்ஸ்பெக்டர் கண்ணெதிரிலேயே கிழித்தேன். அவர் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்க்கவுண்டர் சும்மா விடவில்லை. முள்ளை எடுத்ததற்கும் செத்தவர்கள் பேரை எடுத்ததற்கும் சேர்த்து, ஆறு மாசம் ஊர் ஊற்றில் அவள் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. ஓடைக்கு இறங்கி ஏறினாள். மயிலம்மாளுக்கு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை. ஆனியில் புதுச் சேர்க்கைக்கு ஊரிலிருந்து ஒன்பது பெண்பிள்ளைகளை இருசாயியே கொண்டுவந்து சேர்த்தாள். பிற்பாடு மயிலம்மாள் காட்டுப் பலகையைப் படித்துச் சொன்னபோது, "இவ்வளவுதானா? இதுக்கா உங்கொப்பனைக் கொன்னாங்க?" என்று காறித் துப்பினாளாம்.

அந்த வருஷப் பங்குனி நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக மலையேறினேன். மார்ச் 31. செத்த ஆறு பேரையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு வரச் சொல்லி உத்தரவு. புதிதாகப் போட்ட வாத்தியார் ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தார். விதிப்படி பட்டியலில் இருக்கிற பேரையெல்லாம் கூப்பிட வேண்டும். கொட்டகைக்கு வெளியே இருசாயி குடத்தோடு நின்றிருந்தாள்.

"பொன்னன்" என்றார் வாத்தியார். அடுத்த பேருக்குப் போனார். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"தெனமும் வருவியா?" என்று கேட்டேன்.

"வருவனுங்க. எங்க ஊட்டுல சொல்லக்கூடாத பேரு. இந்த மலையில வேற யாரும் கூப்புடமாட்டாங்க. சர்க்காராச்சும் தெனம் சத்தமாக் கூப்புடட்டுமுங்க" என்றாள். பிறகு என் கையிலிருந்த மைக்கூட்டைப் பார்த்தாள். "அது எதுக்குங்க?"

மைக்கூட்டைத் திறக்காமல் இறங்கிவிட்டேன்.

"அடிச்சாச்சா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஆச்சுங்க" என்றேன்.